முதலீட்டு ஆய்வாளராக விரும்பும் தங்கைக்கு

பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பக்கத்து லயத்துத் தங்கை ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். வர்த்தகப் பிரிவில் படித்தவள். நான் கொழும்பில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை செய்வது அவளுக்குத் தெரியும்; ஆனால் அங்கே என்ன செய்கிறேன் என்பது தோட்டத்தில் பலருக்குத் தெரியாததைப் போலவே அவளுக்கும் தெரியவில்லை. “அக்கா, உங்க வேலைக்கு என்ன படிக்கணும்? கம்பஸ் கிடைக்கலன்னா செய்ய ஏலாதா?” என்று கேட்டாள். அன்று அரைமணி நேரம் பேசினோம். போதவில்லை. நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் பண்டாரவளையிலும் இதே கேள்வியோடு இருக்கக்கூடிய மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, சொல்ல வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் பங்கையோ கடன் பத்திரத்தையோ இன்றைய விலைக்கு வாங்கலாமா, வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா என்பதை, அந்த நிறுவனத்தின் கணக்கு, அதன் தொழில், நாட்டின் பொருளாதார நிலை ஆகியவற்றைப் படித்து, காரணங்களோடு எழுதிக்கொடுப்பதுதான் முதலீட்டு ஆய்வு. வாங்கி விற்பவர் வேறொருவர். நாங்கள் வாசிக்கிறோம், கணக்குப் போடுகிறோம், எழுதுகிறோம். நாளின் பெரும் பகுதி ஆண்டறிக்கையிலும் எக்செல் தாளிலும் கழிகிறது.

இந்த வேலை நம்முடைய மலைகளுக்கு அந்நியமானது என்று பலர் நினைக்கிறார்கள். கொழும்பில் பங்கு வியாபாரம் 1896ஆம் ஆண்டு பங்குத் தரகர் சங்கமாகத் தொடங்கியதே, தேயிலைத் தோட்டங்களைத் திறப்பதற்கு மூலதனம் திரட்டத்தான். நம்முடைய பாட்டன்மார் காடு வெட்டி நட்ட செடிகளைக் காட்டித்தான் அந்தப் பங்குகள் விற்கப்பட்டன. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறின. இன்று அந்தக் கம்பனிகளிற் பல கொழும்பு பங்குப் பரிவர்த்தனையில் பட்டியலிடப்பட்டுள்ளன. தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை என்று நாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஊர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் கம்பனிப் பெயர்களாக இருக்கின்றன. லயத்தில் வளர்ந்த பிள்ளை ஒரு தொழிற்துறையை உள்ளிருந்து அறிந்தே இந்த வேலைக்கு வருகிறது என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். அந்த அறிவைக் கணக்கின் மொழியில் எழுதத் தெரிய வேண்டும் என்பதே மீதி. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில்.

பல்கலைக்கழகம் முடித்த ஆண்டு, கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். உனக்குத் தெரிந்த ஒரு கம்பனியைப் பற்றிச் சொல் என்றார்கள். எங்கள் பகுதித் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியைச் சொல்லி, அதன் இலாபம் முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்காகியிருக்கிறது, ஆகவே பங்கு மலிவாக இருக்கிறது என்று நம்பிக்கையோடு பேசினேன். எதிரே இருந்தவர் ஆண்டறிக்கையைத் திறந்து, பின்பக்கம் உள்ள குறிப்புகளுக்குப் போய், ஒரு வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். எண்களைச் சுற்றிச் சொல்வதானால், 20 கோடி இலாபத்தில் 11 கோடி, தோட்டத்தில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்களின் நியாயப் பெறுமதி, அதாவது இன்று விற்றால் கிடைக்கக்கூடிய விலை, கூடியதால் வந்தது.

“மரத்தை வெட்டி விற்றார்களா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

“அப்படியானால் இந்த 11 கோடி எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. விறகு பொறுக்கப் போகும்போது தினமும் கண்ட மரங்கள்தாம். அவை நின்ற இடத்தில் நின்றபடியே கம்பனியின் இலாபத்தை இரட்டிப்பாக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உயிரியல் சொத்துக்களுக்கான கணக்கீட்டு நியமமாகிய எல்கேஏஎஸ் 41, வெட்டுமரங்களை ஆண்டுதோறும் நியாயப் பெறுமதிக்கு மதிப்பிடச் சொல்கிறது. கூடும் பெறுமதி வருமானக் கூற்றில் இலாபமாகச் சேரும். ஆனால் காசுப் பாய்ச்சல் கூற்றில் அது கழிக்கப்பட்டுவிடும், ஏனென்றால் காசு வரவில்லை. தேயிலைச் செடியின் கதை வேறு. அதுவும் ஒரு காலத்தில் இதே நியமத்துக்குள் இருந்தது. 2016 முதல் விளைச்சல் தரும் தாவரமாகப் பிரிக்கப்பட்டு, இயந்திரத்தைப் போலவே ஆண்டுதோறும் பெறுமானத் தேய்வு போடப்படுகிறது; அதாவது அதற்கான செலவு ஆண்டுக்கு ஒரு பங்காகக் கழிக்கப்படுகிறது. செடியில் நிற்கும் கொழுந்து மட்டும் 41இலேயே இருக்கிறது. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மரமும் செடியும் கணக்கில் இரண்டு வெவ்வேறு வீடுகளில் குடியிருக்கின்றன.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அன்று இரவு வெள்ளவத்தையில் தங்கியிருந்த அறையில், அந்த ஆண்டறிக்கையை முதல் தடவையாகப் பின்னாலிருந்து முன்னால் வாசித்தேன். இப்போதும் அப்படித்தான் வாசிக்கிறேன்: முதலில் கணக்காய்வாளர் அறிக்கை, அடுத்துக் காசுப் பாய்ச்சல், அடுத்துக் குறிப்புகள், கடைசியில்தான் தலைவரின் உரையும் வண்ணப் படங்களும்.

அடுத்து நான் தேடிப் போனது சேவைக்காலப் பணம். அம்மா ஓய்வுபெற்றபோது அந்தப் பணம் எப்போது வரும் என்று வீடே காத்திருந்ததால், அது கம்பனிக் கணக்கில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் இருந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, மாதச் சம்பளம் அல்லாத தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம். 30 ஆண்டு பேர் போட்ட, அதாவது வேலை செய்த, ஒருவருக்கு 420 நாட்சம்பளம். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தால் 4 இலட்சத்து 20 ஆயிரம். 1,350 ஆனால் 5 இலட்சத்து 67 ஆயிரம். சம்பளம் உயர்ந்த அன்றே, இனி உழைக்கப்போகும் நாட்களுக்கு மட்டுமல்ல, உழைத்து முடித்த முப்பது ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கம்பனியின் பொறுப்பு உயர்ந்துவிடுகிறது. சராசரியாக 15 ஆண்டு சேவையுள்ள 5,000 பேர் ஒரு கம்பனியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 350 ரூபா உயர்வு, பிற்காலத்தில் கொடுக்கும் தொகையை இன்றைய பெறுமதிக்குக் குறைக்காத எளிய கணக்கில், 36 கோடியே 75 இலட்சம் ரூபா. இந்தச் சுமையில் பெரும்பகுதி, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையிலான வேறுபாடாக, ஏனைய விரிவான வருமானம் என்ற தலைப்பின் கீழ்ப் போய்விடக்கூடும். இலாப எண்ணை மட்டும் பார்ப்பவர் அதைக் காணவே மாட்டார். 2021இல் ஆயிரம் ரூபா வந்தபோதும், 2024இல் 1,350 வந்தபோதும், தோட்டத்தில் நாங்கள் ஒரு பக்கத்திலிருந்து பார்த்த அதே செய்தியை ஆய்வாளர்கள் இந்தக் குறிப்பில் மறுபக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் அறிந்த ஒருவர் எழுதும் அறிக்கை நேர்மையானதாக இருக்கும். கூலியை வெறும் செலவு வரியாக அவரால் எழுத முடியாது.

இனித் தகைமைகள்.

உயர்தரத்தில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி படித்திருந்தால் நல்லது. கணிதப் பிரிவில் படித்தவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்கீட்டை அவர்கள் பிறகு கற்றுக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் நிதியியல், கணக்கீடு, பொருளியல், புள்ளிவிபரவியல் எதுவும் பொருந்தும். நுவரெலியா, பதுளை ஆகியவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் அடங்குவதால், இசட் புள்ளி சற்றுக் குறைந்தாலும் விண்ணப்பத்தை விட்டுவிட வேண்டாம். கிடைக்காவிட்டால் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் படிப்பு இருக்கிறது. சீமா, ஏசிசிஏ என்ற வெளிநாட்டுக் கணக்கீட்டுத் தகைமைகள் இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராக இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டு ஆய்வுக்கு வருபவர்கள் குறிப்புகளை வாசிப்பதில் எங்கள் எல்லோரையும்விட வேகமானவர்கள்.

உலகெங்கும் இந்தத் தொழிலுக்கு முதன்மையாகக் கேட்கப்படுவது பட்டய நிதி ஆய்வாளர் தகைமையாகிய சீஎஃப்ஏ. மூன்று கட்டப் பரீட்சைகள். முதலாம் கட்டத்தில் 180 வினாக்கள், 135 நிமிடம் வீதம் இரண்டு அமர்வுகள். தொழில் ஒழுக்கம், புள்ளிவிபரம், பொருளியல், நிதிக் கூற்றுகளின் ஆய்வு, பங்கு, கடன் பத்திரம் எனப் பத்துப் பாடங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ 300 மணிநேரம் படிக்க வேண்டும் என்பார்கள். ஆங்கிலத்தைப் பாதியில் பற்றிக்கொண்ட எனக்கு அதைவிட அதிகம் தேவைப்பட்டது. மூன்றையும் முடித்த பிறகும், முதலீட்டு முடிவுகளோடு தொடர்புடைய வேலையில் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணிநேரம் சேர்ந்த பின்பே பட்டயம் தருவார்கள்.

தங்கை கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இங்கேதான் இருக்கிறது. பட்டப்படிப்பு முடிய 23 மாதங்களுக்குள் இருப்பவர் முதலாம் கட்டத்துக்குப் பதியலாம். பட்டமே இல்லாதவரும், மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் 4,000 மணிநேர வேலை அனுபவமோ, வேலையும் உயர்கல்வியும் சேர்ந்த அனுபவமோ காட்டினால் பதியலாம்; அந்த வேலை முதலீடு சார்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தக் கட்டத்தில் இல்லை. ஹட்டன் நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் மூன்று ஆண்டு எழுதுவினைஞராக இருந்தவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

கட்டணம் சுமையானது. ஒரு பரீட்சைக்கு ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் ஆகும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டிப் பதிந்தால் குறையும், தாமதித்தால் கூடும். கட்டணத்தைப் பெருமளவு குறைக்கும் உதவித்தொகை உண்டு; அதற்கு விண்ணப்பிக்காமல் யாரும் முழுக் கட்டணம் கட்ட வேண்டாம்.

ஒரு விடயத்தை இப்போதே செய்துவைக்கச் சொல்கிறேன். பதிவதற்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும். பதிவிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதம், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதம், பாடசாலைச் சான்றிதழில் மூன்றாவது விதம். பிறப்பைப் பதிந்த இடத்தில் எங்கள் பெயரை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தி, கடவுச்சீட்டு எடுத்து முடிப்பதற்குள் முன்கூட்டிய பதிவின் கடைசி நாள் கடந்து, கூடுதல் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினேன். லயத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பெயர்ப் பிழை பெட்டிக்குள் இருக்கிறது. பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் இந்த மாதங்களில் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

உள்நாட்டில், தரகு நிறுவனமொன்றில் வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லும் முதலீட்டு ஆலோசகராக வேண்டுமானால், இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட தகைமை வேண்டும். சீஎஃப்ஏயைவிட மிகக் குறைந்த செலவில் முடிக்கலாம் என்பதால், சந்தையின் சட்டதிட்டங்களை அறிய அதையே முதற்படியாக வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே, காசு செலவில்லாமல் தொடங்கக்கூடியது வாசிப்பு. பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பனியின் ஆண்டறிக்கையும் காலாண்டு அறிக்கையும் பங்குப் பரிவர்த்தனையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் மூன்று காலாண்டுகளின் அறிக்கைகள் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் வெளிவர வேண்டும். ஒரு பெருந்தோட்டக் கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு எண்களை எக்செலில் கையால் தட்டெழுதுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், தட்டெழுதும்போதுதான் எண் கண்ணில் நிற்கும். ஒரு கிலோ தேயிலைக்கு விற்பனை விலை என்ன, உற்பத்திச் செலவு என்ன என்று பிரித்துப் பாருங்கள். செவ்வாயும் புதனும் நடக்கும் கொழும்பு தேயிலை ஏலத்தின் விலைகளைத் தொடருங்கள். 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்ட பிறகு, அந்த ஆண்டு கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவை ஒட்டி இறங்கியது; அதே 2022இல் ரூபா சரிந்ததால் டொலரில் விற்ற கம்பனிகளின் வருமானம் ரூபாவில் ஏறியது. கூடையில் கொழுந்து குறைந்த அதே பருவத்தில் கம்பனிக் கணக்கில் இலாபம் ஏறியது எப்படி என்பதை ஒரு பக்கத்தில் விளக்கத் தெரிந்தவர் பாதி ஆய்வாளராகிவிட்டார்.

நிகழ்காலப் பெறுமதி என்ற பாடத்தைக் கண்டு பலர் மிரளுகிறார்கள். எனக்கு அது அம்மாவின் சீட்டில் விளங்கியது. பத்துப் பேர், மாதம் 5,000 ரூபா, ஒருவருக்கு 50,000. முதல் சீட்டை எடுப்பவருக்கும் கடைசிச் சீட்டை எடுப்பவருக்கும் ஒரே தொகைதான். ஆனாலும் முதல் சீட்டுக்குத்தான் எல்லோரும் கேட்பார்கள். ஏன் என்று அம்மாவுக்குச் சூத்திரம் இல்லாமலே தெரியும். 2022இல், அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க வெளியிடும் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வட்டியில் ஓராண்டு கழித்து வரும் 50,000 ரூபாவின் இன்றைய பெறுமதி 38,500க்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி வந்தது. கடைசிச் சீட்டை எடுத்த எங்கள் பெரியம்மாவின் 50,000 கூரைத் தகரத்துக்குப் போதவில்லை. பங்கின் பெறுமதி, கடன் பத்திரத்தின் பெறுமதி எல்லாம் இதே கணக்கின் நீட்சிதான்.

மொழியைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அறிக்கைகளும் பரீட்சைகளும் வேலையும் ஆங்கிலத்தில்தான். நான் தமிழ் மொழிமூலம் படித்தவள். நாளுக்கு ஒரு குறிப்பு என்று வாசித்து, அதைத் தமிழில் எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். தமிழில் விளங்காத ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியபோதெல்லாம் அது வெறும் சொல்லாகவே இருந்தது. எட்டு மாதம் ஆனது.

தொழில் ஒழுக்கம் சீஎஃப்ஏயின் மூன்று கட்டங்களிலும் வருகிறது. நமக்கு அது மிகவும் தேவையான பாடம். என் உறவினர் பலர் பட்டியலிட்ட கம்பனிகளின் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். வீதியில் போகும் எவரும் காணக்கூடிய விடயங்கள், அதாவது மழை இல்லாமல் மலை காய்ந்திருப்பது, கவ்வாத்து நடப்பது, கொழுந்து மடுவத்தில் நிறுவை குறைவது போன்றவற்றைக் கவனித்து, வெளிவந்த கணக்குகளோடு சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது நல்ல ஆய்வு. தோட்டக் காரியாலயத்தில் வேலை செய்யும் மச்சான், இன்னும் வெளிவராத காலாண்டுக் கணக்கையோ தோட்டம் கைமாறப்போவதையோ சொன்னால், அதை வைத்து எழுதுவதும் பங்கு வாங்குவதும் குற்றம். ஒருமுறை சாப்பாட்டு மேசையில் அப்படி ஒரு பேச்சு தொடங்கியது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வீட்டில் வருத்தப்பட்டார்கள். அடுத்த நாள் உட்கார்ந்து விளக்கினேன்; இப்போது அவர்களே என் முன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

முதல் வேலைக்கு எங்கே போவது? தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு, பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் அலகு நம்பிக்கை நிதியங்கள், வங்கிகளின் கடன் மதிப்பீட்டுப் பிரிவு, கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள், வெளிநாட்டு வங்கிகளுக்கும் நிதியங்களுக்கும் கொழும்பிலிருந்து ஆய்வு செய்துகொடுக்கும் அக்குயிட்டி போன்ற நிறுவனங்கள். கடைசியாகச் சொன்ன வகை, புதியவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். முதலாண்டுச் சம்பளத்தில் கொழும்பு வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. வீட்டில் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. விண்ணப்பத்தோடு மூன்று பக்க ஆய்வுக் குறிப்பொன்றை இணைத்து அனுப்புங்கள். எனக்கு இரண்டாவது இடத்தில் வேலை கிடைத்தது அப்படித்தான். அதே பெருந்தோட்டக் கம்பனியைப் பற்றி, மரத்தின் இலாபத்தைக் கழித்து, சேவைக்காலப் பொறுப்பைக் கூட்டி எழுதிய மூன்று பக்கம். பங்கு மலிவல்ல என்று அதில் முடித்திருந்தேன்.

தங்கையின் தொலைபேசியில் ஓர் ஆண்டறிக்கையை இறக்கிக்கொடுத்துவிட்டு, பொங்கல் முடிந்து ஹட்டனில் ரயில் ஏறினேன். நான்கு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, தேயிலைச் செடிக்கு 33 வருஷம்னு போட்டு அதுக்குள்ள பெறுமதியைத் தேய்ச்சு முடிக்கிறாங்க. ஆனா நம்ம மேல்மலையில இருக்கிற செடி அம்மாயி சின்னப் புள்ளையா இருக்கும்போதே இருந்துச்சாம். இன்னும் கொழுந்து எடுக்கிறாங்க. கணக்கில அதோட பெறுமதி பூச்சியமா?”

தோட்டத்தில் எந்த மலை விதைத் தேயிலை, எது கிளைத்துண்டிலிருந்து வளர்த்த வீபீ தேயிலை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ எந்த ஆண்டு நட்டது என்று அம்மாயியிடம் கேட்டு எழுதி, அதை அறிக்கையின் அந்தக் குறிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பதிலை நீயே எனக்கு எழுது என்று அனுப்பியிருக்கிறேன்.